உப்புத் தேத்தண்ணி தந்த ஊர்

1. முதல் நாள்

அந்த ஊருக்குப் போன முதல் நாளே எனக்கு அவர்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர்களுக்கு என் மேல் அதற்கு முன்னமே வந்திருக்க வேண்டும். நான் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்புவதற்குள், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் ஒரு திணைக்களத்தில் நான் வெளிக்கள உத்தியோகத்தன். வேலணைத் தீவின் கரையோரத்தில் இருந்த ஒரு மீன்பிடிக் கிராமத்துக்கு விலேஜ் புரொபைல் எழுதும்படி அனுப்பியிருந்தார்கள். எத்தனை குடும்பம், எத்தனை வள்ளம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், குடிதண்ணீர் எங்கே என்று ஓர் ஊரின் உடம்பைத் தலை முதல் கால்வரை தொட்டுப் பார்த்து எழுதும் வேலை. பக்கத்து ஊரில் ஐஸ் ஃபாக்டரியும் இறால் பதனிடும் தொழிற்சாலையும் இருந்தன. அவற்றைப் பெருப்பிக்கக் கொம்பனி நினைத்தது. ஐஸ் அடிக்கவும் இறால் கழுவவும் நல்ல தண்ணீர் வேண்டும். மற்றதெல்லாம் பக்கத்தை நிரப்பத்தான், தண்ணீர் இருக்கிறதா என்பதைத்தான் கொம்பனி பார்க்கும் என்று எங்கள் உதவிப் பணிப்பாளர் என்னிடம் சொல்லியே விட்டிருந்தார்.

ஊருக்குப் பெரியவர் மரியதாஸ் சம்மாட்டி. இரண்டு வள்ளமும் கரைவலையும் அவருக்குச் சொந்தம். என்னை வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். அவருடைய மனைவி எலிசபெத் அக்கா வெறுந்தேத்தண்ணியும் ஒரு பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். ஒரு முடறு குடித்தேன். கடல் தண்ணீரில் போட்டது மாதிரி இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர்கள் தேத்தண்ணிக்குள்ளேயே இட்டுவிட்டார்கள்.

"எங்கடை தண்ணி இப்பிடித்தான் ஐயா. நீங்கள் பழகவேணும்" என்றார் சம்மாட்டி.

குடிதண்ணீர் உவர் என்று எழுதிக்கொண்டேன். நான் எழுதும்வரை அவர் கண் என் கையை விட்டு அசையவில்லை.

2. பருப்பு

கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போய்வந்தேன். போன வீட்டிலெல்லாம் தேத்தண்ணி தந்தார்கள். எல்லாம் உவர். கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் ஆளையாள் பார்த்த பிறகுதான் வரும். அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. கையில் கடதாசியோடு வந்து குடும்பத்தில் எத்தனை ஆம்பிளைப் பிள்ளைகள் என்று கேட்கிறவன் எந்தப் பகுதியின் ஆள் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? நானும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து சாமான் இறக்குகிறார்களோ, இயக்கப் பெடியங்களை ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சுவாமியார் கோயிலில் முதல் நன்மை கொடுத்த நாள். மரியாதைக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பருப்புக் கறி வெண்ணெய் மாதிரிக் கரைந்து கிடந்தது. எனக்குக் கை நின்றுபோனது. உவர்த் தண்ணீரில் பருப்பு அவியாது. என் மனைவி தீவில் படிப்பித்த காலத்தில் நாங்கள் பல்லை உடைத்துக்கொண்டு சாப்பிட்ட பருப்பு எனக்கு மறக்கவில்லை. இந்த ஊருக்குத் தண்ணீர் பவுசரும் வருவதில்லை. அப்படியென்றால் நல்ல தண்ணீர் எங்கோ இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். உச்சி வெயிலில், என்னைப் போன்றவர்கள் சாப்பிட்டுவிட்டு நிழலில் கண்ணயரும் நேரத்தில், பெண்கள் யாரையும் ஊருக்குள் காணமுடியாது. மணலில் சொட்டுச் சொட்டாக ஈரம் மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் காய்ந்துவிடும். இரண்டு முறை அந்த ஈரத்தைப் பார்த்து நடந்தேன். இரண்டு முறையும் யாரோ ஒருவர் குறுக்கே வந்து, தாழம்பற்றைப் பக்கம் புடையன் பாம்பு கிடக்கிறது, திரும்புங்கள் என்றார். பெண்கள் போய்வருகிற வழியில் எனக்கு மட்டும் கடிக்கிற பாம்பு.

எனக்கு எரிச்சல் வந்தது. பொய் சொல்கிறார்கள், கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டு திரும்பினேன்.

3. வயிற்றோட்டம்

அடுத்த முறை போன அன்று காலையிலிருந்தே எனக்கு வயிறு சரியில்லை. வேலை முடியட்டும் என்று நடந்தேன். மத்தியானம் சம்மாட்டி வீட்டு விறாந்தையில் விழுந்துவிட்டேன். சத்தியும் வயிற்றோட்டமும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை காலில் குறண்டல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வாகனம் வர நேரம் எடுக்கும் என்று யாரோ சொன்னது கேட்டது.

எலிசபெத் அக்காவும் சம்மாட்டியும் குசினி வாசலில் நின்று மெல்லிய குரலில் சண்டை பிடித்தார்கள்.

"அதைக் குடுத்தியெண்டால் எல்லாம் முடிஞ்சுது" என்றார் சம்மாட்டி.

"இந்த உவரைக் குடுத்தா அவர் இன்னும் சத்தியெடுப்பார். இஞ்சை செத்துப்போனா ஆர் பதில் சொல்லுறது?"

பிறகு அக்கா என் தலையைத் தூக்கிப்பிடித்து ஒரு செம்பை வாயில் வைத்தார். அந்தத் தண்ணீரின் ருசியை எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ருசியே இல்லாத தண்ணீர் என்றுதான் சொல்லவேண்டும். அவ்வளவு நல்ல தண்ணீர். வாகனம் வரும்வரை சிறிது சிறிதாகப் பருக்கிக்கொண்டேயிருந்தார். நான் பிழைத்தது அதனால்தான் என்று டொக்டரும் சொன்னார்.

சுகமாகித் திரும்பிப் போனபோது எலிசபெத் அக்கா எனக்குத் தேத்தண்ணி வைக்கவில்லை. எதிரில் வந்து இருந்தார். அதுவரை ஐயா என்று அழைத்தவர் அன்று தம்பி என்றார்.

"தம்பி, நீர் குடிச்சிட்டீர். இனி ஒளிச்சு என்ன? என்ன எழுதப்போறீர்?"

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அது உண்மை. அவர்கள் ஏன் ஒளித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்து ஊருக்கும் நான்தான் புரொபைல் எழுதினேன். அங்கேயும் ஒரு நல்ல தண்ணிக் கிணறு இருந்தது. மணலுக்குக் கீழே உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் நிற்கும். வாளியால் அள்ளி, ஊறவிட்டு அள்ளினால் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். ஃபாக்டரிக்காரர் மோட்டர் போட்டு இறைத்தார்கள். அடியில் கிடந்த உவர் மேலே ஏறிவிட்டது. இப்போது அந்த ஊர்ப் பெண்கள் ஃபாக்டரி ட்ராக்டர் எப்போது தண்ணீர் கொண்டுவரும் என்று குடத்தோடு வெயிலில் நிற்கிறார்கள். இந்த ஊருக்கு இருந்தது ஒரேயொரு கிணறு. அது போனால் ஊர் போனது.

எலிசபெத் அக்கா வேறொன்றும் கேட்கவில்லை. கிணறு எங்கே என்று நானும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

4. எஞ்சினியர் வந்த நாள்

புரொபைலை முடிக்குமுன் உதவிப் பணிப்பாளரும் கொம்பனி எஞ்சினியரும் நேரில் பார்க்க வந்தார்கள். கோயில் கிணற்றிலும் சந்திக் கிணற்றிலும் எஞ்சினியர் போத்தலில் தண்ணீர் எடுத்து வாயிலும் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு சம்மாட்டி வீட்டு விறாந்தையில் எல்லோரும் இருந்தோம். எலிசபெத் அக்கா மூன்று பேணியில் வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து, தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் எடுத்துத் தந்தார்.

எஞ்சினியர் ஒரு முடறு குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினார். உதவிப் பணிப்பாளர் முகத்தைச் சுளித்துப் பேணியைக் கீழே வைத்தார். நானும் குடித்தேன்.

என்னுடையதில் உப்பு இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். எலிசபெத் அக்கா குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்மாட்டி வலையைப் பார்க்கிறவர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நாலைந்து பேர் நின்றார்கள்.

"ஊர் முழுக்க நடந்தவர் இவர்தான்" என்று என்னைக் காட்டி எஞ்சினியருக்குச் சொன்ன உதவிப் பணிப்பாளர், என் பக்கம் திரும்பினார். "ஐசே, இஞ்சை வேறை கிணறு இருக்கோ?"

பேணி என் கையில் இருந்தது. உம்முடையதைக் காட்டும் என்று எஞ்சினியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இப்படி ஒரு பொறியில் மாட்டிவிட்டார்களே என்று அவர்கள் மேல் கோபமும் வந்தது, பயமும் வந்தது. தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து முடித்து, முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு பேணியைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் ஒண்டும் காணேல்லை சேர்" என்றேன்.

"எப்பிடி ஐசே முழுக்கக் குடிச்சீர்?"

"பழகிப்போச்சு சேர்."

எஞ்சினியர் சிரித்தார். ஜீப்புக்குத் திரும்பும்போதே, இந்தக் கரை சரிவராது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கிணற்றை நான் கண்ணால் காணவில்லை.

5. முகாம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுகளில் சண்டை வந்து சனம் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. ஒரு பாடசாலை முகாமுக்கு நிவாரணம் பதியப் போனபோது எலிசபெத் அக்காவைக் கண்டேன். தண்ணீர் வரிசையில் நின்றார். சம்மாட்டி வரும் வழியில் நெஞ்சு நோவில் இறந்துவிட்டாராம். கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன்.

பல வருடமாக மனதுக்குள் கிடந்ததை அன்று கேட்டேன். அந்த நாளில் எனக்கு மட்டும் ஏன் நல்ல தண்ணீரில் தேத்தண்ணி போட்டீர்கள், நம்பித்தானே என்றேன்.

"நம்பி இல்லைத் தம்பி. உமக்கும் உப்பைத் தந்திருந்தா நீர் எந்தப் பக்கம் எண்டு எங்களுக்குத் தெரியவந்திராது. ஃபாக்டரி வாறதெண்டால் அண்டைக்கே தெரியட்டும், ஒளிச்சு ஒளிச்சுக் கிடந்து பிறகு ஏமாறுறதை விட எண்டுதான் தந்தனாங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அதைப் பெரிய அன்பென்று இத்தனை காலம் வைத்திருந்தேன். போகட்டும், அந்தக் கிணறு எங்கேதான் இருந்தது, இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். ஊரே வெறிச்சோடிக் கிடக்கிறது. அங்கே போக யாருக்கும் அனுமதி இல்லை. இனி அதை ஒளித்து யாருக்கு என்ன?

எலிசபெத் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் நாள் நான் எழுதும்போது சம்மாட்டி என் கையைப் பார்த்த அதே பார்வை.

"அது உமக்கு என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னுக்கு நகர்ந்தார்.

சைக்கிளில் வீடு போகும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. இரவு சாப்பாட்டில் கை வைக்கும்போதுதான் விளங்கியது. திரும்பிப் போக நினைக்கிறவள்தான் கிணற்றை ஒளிப்பாள்.

இந்த வேலைக்கு இனி வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் ஊர் உங்களுக்கு ஒளித்தால் உடனே குற்றம் தேடாதீர்கள். அவர்கள் அங்கே வாழ நினைக்கிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.