குப்பைக்கூடையில் நான்கு பிளேடுகள்

குப்பைக்கூடையில் நான்கு பிளேடுகள்தான் கிடந்தன. பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் வேலைக்குப் போய்வந்த கொலன்னாவைப் பரிசோதனைக்கூடத்தில், ஒரு மாதிரித் துண்டுக்கு ஒரு புதுப் பிளேடு என்பது விதி.

அப்போது ஒரு படகுக் கம்பனி, படகு வார்க்கும் தன் பிசினில் மிக நுண்ணிய களிமண் துகளைக் கலந்து துண்டுகளாக வார்த்து அனுப்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள், வெடிப்பு ஓடுவதை மறிக்குமா என்பதே கேள்வி. அதை அறிய முதலில் நாமே ஒரு வெடிப்பை உண்டாக்க வேண்டும். துண்டில் வெட்டிய பள்ளத்தில் பிளேடை வைத்து மெல்லத் தட்டினால் மயிரிழைபோல் வெடிப்பு விழும். பிறகு இயந்திரத்தில் ஏற்றி, எவ்வளவு விசையில் முறிகிறது என்று பார்ப்போம். பிளேடு மழுங்கியிருந்தால் வெடிப்பு கூராக விழாது. துண்டு தனக்கில்லாத பலத்தைக் காட்டும். பொய் சொல்ல விரும்புகிறவனுக்குப் பழைய பிளேடு போதும்.

தட்டுகிற வேலை, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பரிசோதகருடையது. என்னைவிடப் பதினொரு வயது இளையவர். அன்றைய பன்னிரண்டு எண்களில் எட்டு, நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. அதற்கு முதல் நாள் கம்பனிக்காரர் வாசலில் அவருக்குச் சிகரெட் நீட்டியதையும் பார்த்திருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய பிளேடையே திரும்பத் திரும்பப் பாவித்தார் என்று முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்தேன். அவரைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டார்.

அவருடைய மேசையை ஒழித்தபோது லாச்சியில் எட்டுப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் முறிந்த துண்டின் இரு பாதிகள், அதைத் தட்டிய பிளேடு, அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: "எண் கூடிப்போச்சு. பிளேடைப் பார்க்க வேணும்." நான் உருப்பெருக்கியில் பார்த்தேன். எட்டுப் பிளேடும் ஒரே ஒரு தடவை மட்டும் தட்டப்பட்டவை. நான்கும் எட்டும் பன்னிரண்டு. அவர் என்னைவிடச் சந்தேகக்காரர். ஆனால் தன் எண்களைச் சந்தேகித்தார்.

முகாமையாளரிடம் சொன்னேன். "ஆள் போயிட்டாரே, இனி என்ன?" என்றார். நானும் அத்தோடு விட்டேன்.

போன மாதம் களுபோவில ஆஸ்பத்திரியில், கண் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்த அவரைக் கண்டேன். என் வரிசை இலக்கம் அறுபத்தொன்று. அவருடையது பதினான்கு.

"என்ன ஐயா, இங்கயும் ஆள் எண்ணுறீங்களா?" என்று சிரித்தார்.

"லாச்சியைப் பார்த்தனான், தம்பி. பிழை என்னிலதான்."

"எப்ப பாத்தீங்க?"

"நீங்கள் வேலையை விட்ட கிழமையே."

சிரிப்பு நின்றது. "ஒம்பது வருஷம். ஒரு ஃபோன் எடுத்திருக்கலாமே, ஐயா."

அவர் தன் இலக்கத் துண்டை என் கையில் வைத்து, என்னுடையதை வாங்கிக்கொண்டார். "முன்னுக்குப் போங்க. எனக்கு அவசரமில்ல." எழுந்துபோய் எதிர் வாங்கில் உட்கார்ந்தார்.

துண்டை இரண்டு பக்கமும் திருப்பினேன். இன்றைய திகதிதானா என்று கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். இன்றையதுதான். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.