அடி பிரித்த கோட்டுப் பை

அந்த யோசனை எனக்குச் சிராங்கூன் ரோட்டுத் தையற்கடையில் உதித்தது. பழுது பார்க்கக் கொடுத்த என் வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது, வலப்பக்கப் பையின் அடித்தையல் விட்டிருந்தது. உள்ளே விட்ட கை நேராக இடுப்பு வாரில் போய் நின்றது. தையற்காரர் ஊசியை எடுத்தார். "தைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

துறைமுகத்தருகே ஒரு வெள்ளைக்காரர் கடையில் துப்பாக்கி கவுண்டரில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வரும் கேட்டலாக்குகளை மற்றவர்கள் விலை பார்க்கப் புரட்டுவார்கள். நான் கதைப்புத்தகம் போல் படிப்பேன். ரிவால்வரை மறைத்து வைப்பது பற்றி அவற்றில் உள்ளதெல்லாம் மார்பு திறந்த கோட்டுக்குத்தான். நம்மவர்கள் போடுவது கழுத்து வரை பொத்தான் பூட்டும் கோட்டு. உள்ளே வைத்தால் பொத்தானை அவிழ்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். அடி பிரித்த பை அந்தச் சிக்கலைத் தீர்த்தது; இடுப்பு வாரில் செருகிய துப்பாக்கியைப் பை வழியாகவே பிடித்துவிடலாம். கண்டுபிடித்தவன் நான் என்ற கர்வம் ஒரு வாரம் இறங்கவில்லை.

மண்டோர் வந்த நாள்

சவரிமுத்து தேக்காப் பக்கத்து மாட்டுவண்டிப் பேட்டையில் மண்டோர். வண்டிக்காரர்களை மேய்க்கும் வேலை. போலீஸ் லைசென்ஸைக் கவுண்டரில் விரித்து வைத்தார்.

"தம்பி, பெரிய துப்பாக்கியா ஒண்ணு குடுங்க. இடுப்புல வெளிய தொங்கணும். நாலு பேரு கண்ணுல படணும்."

"யாரையாவது வேட்டையாடப் போறீங்களாண்ணே?"

"கருப்பன்னு ஒருத்தன். மாட்டை அடிச்சுக் காலை ஒடிச்சுப்புட்டான். வேலையை விட்டு அனுப்பிட்டேன். வாசல்ல நின்னு, உன்னை விடமாட்டேங்கிறான். சுடுறதுக்கில்ல தம்பி. பாத்தாக் கிட்ட வரக்கூடாது, அம்புட்டுத்தான்."

நீண்ட பேரல் உள்ள ரிவால்வரை எடுத்து அவர் இடுப்பில் மாட்டினேன். வார் ஒரு பக்கமாய்ச் சரிந்தது.

"இதைக் கட்டிக்கிட்டு நடந்தா வேட்டி நிக்காதுண்ணே. கருப்பன் ஓட மாட்டான், சிரிப்பான்."

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே வியாபாரம் என் பக்கம் திரும்பிவிட்டது. சிறியதை எடுத்து வைத்தேன். ஐந்து தோட்டா, குட்டை பேரல். தோட்டாவை அடிக்கும் ஹேமர் உள்ளேயே இருப்பதால் துணியில் மாட்டாது. பையை விட்டு எடுக்காமலே சுடலாம். என் கோட்டைக் காட்டி, கையை உள்ளே விட்டு, சும்மா நிற்பவன் போல் நின்று காட்டினேன்.

"காட்டினாப் போதாதா தம்பி?"

"காட்டினா அவன் பத்துப் பேரோட வருவான். இருக்கிறதே தெரியக் கூடாதுண்ணே. அதுலதான் சூட்சுமம்."

அரைமனதோடு வாங்கினார். அவர் கோட்டுப் பையின் அடியைப் பிரிக்கத் தையற்கடைக்கும் நானே கூட்டிப் போனேன்.

சாட்சிக்கூண்டு

ஒரு மாதம் போயிருக்கும். பேட்டை வாசலில் கருப்பன் சாட்டைக் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தான். சவரிமுத்து பையிலிருந்து கையை எடுக்காமலே சுட்டார். குண்டு கருப்பனின் முழங்காலை உடைத்தது. உயிர் தப்பியது, இனி அவனால் வண்டி ஏற முடியாது.

உயிருக்குப் பயந்து அடித்தால் சட்டம் மன்னிக்கும் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். வேறு வழி இருந்ததா என்றும் சட்டம் கேட்கும் என்பதைக் கோர்ட்டில்தான் அறிந்தேன். கருப்பன் கோலூன்றி நின்று சொன்னான்: "துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா நான் ஏன் சாமி கிட்டப் போறேன்? கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டுச் சும்மா நின்னாரு."

அடுத்து விற்றவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். புதுக் காலர் கட்டிப் போயிருந்தேன். துபாஷி வேண்டாம், இங்கிலீஷிலேயே சொல்கிறேன் என்றேன். சர்க்கார் வக்கீல் சவரிமுத்துவின் கோட்டை என்னிடம் நீட்டினார். பையில் பொசுங்கிய ஓட்டை. நான் அதை மாட்டிக்கொண்டு ஜூரிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பேரல் ஏன் குட்டை, பையின் அடி ஏன் பிரித்திருக்கிறது, எல்லாம்.

"எதிரே நிற்பவனுக்குக் கொஞ்சமும் தெரியாது, இல்லையா?"

"கொஞ்சமும் தெரியாது ஐயா" என்றேன். சொல்லும்போது சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சவரிமுத்துவின் வக்கீல் கேள்வி ஏதும் இல்லை என்றார். மத்தியானமே ட்ராம் பிடித்துக் கடைக்குத் திரும்பி, ஜூரி என்னையே எப்படிப் பார்த்தார்கள் என்று நண்பர்களுக்கு நடித்துக் காட்டினேன். சவரிமுத்துவுக்கு இரண்டு வருஷம் என்று மறுநாள் தெரிந்தது.

மரியம்மாள்

சவரிமுத்துவின் மனைவி மரியம்மாள் கடைக்கு வந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"பெருசுதான் கேட்டேன்னு அவரு கோர்ட்டுல சொன்னாரு தம்பி. அப்படின்னா வித்த பையன் சொல்லியிருப்பானேன்னு சர்க்கார் வக்கீல் சிரிச்சாராம். அவரு கேட்டாரா, இல்லையா?"

"கேட்டாரு."

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று பதில் தயாராக இருந்தது. ஆனால் அது முழு உண்மையில்லை. நான் பயந்து மறைக்கவில்லை. எவரும் என்னைத் தடுக்கவும் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற அவசரத்தில் அந்த மனிதர் கேட்டது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

கவர்னருக்கு மனுப் போடலாம், மறைத்து வைத்துச் சுடும் எண்ணம் சவரிமுத்துவுக்கு இல்லை என்பதற்கு விற்றவனின் சத்திய வாக்குமூலம் இருந்தால் பலம் என்று அவருடைய வக்கீல் மரியம்மாளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் கடைக் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நான் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்கு விசரே? கேட்டதைக் குடுக்காமல் வேறொண்டை வித்தனாங்கள் எண்டு சத்தியம் பண்ணினால் துரை உம்மை வைச்சிருப்பாரே?"

"வைக்க மாட்டார்."

"பிறகேன் போறீர்?"

கோட்டை எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். கவுண்டர் வேலைக்கு வரவிருக்கும் என்னை ஒத்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வாங்க வருபவனுக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரியாது, உண்மைதான். அவனுடைய பயத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எதற்கு என்று அவன் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

என் கோட்டுப் பையைத் தைத்து வாங்கிவிட்டேன். நாளை அதைப் போட்டுக்கொண்டுதான் வக்கீலிடம் போகிறேன். இந்த முறை எதையும் விளக்கப் போவதில்லை. வாக்குமூலத்தின் முதல் வரியை மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறேன்: சவரிமுத்து கேட்டது, பார்த்தவுடன் தெரிகிற ஒன்றை.