கெட்டிப்படாத கேப்பைக் கஞ்சி

முளைகட்டின கேப்பை மாவு விற்கிறவளிடம் மாவு ஒரு பங்கு இருந்தால், பதில் மூன்று பங்கு இருக்க வேண்டும். பிள்ளை துப்பினதைத் துடைத்துக்கொண்டே அடுத்த வாய் ஊட்டுகிற தாய்மார்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

வெள்ளை வேர்

யுத்த காலம், அரிசிக்குத் தட்டுப்பாடு. திண்டிவனத்தில் கேப்பையை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து, லேசாக வறுத்துத் திரித்து, இடுப்பில் என் பெண்ணோடு விழுப்புரத்துக்கு ரயிலேறுவேன்.

அங்கே ரயில்வே குடியிருப்பில் தங்கம்மாக்கா. காய்ச்சலில் கிடந்து எழுந்த அவள் கைப்பிள்ளை எதைக் கொடுத்தாலும் துப்பினான். கை கால் குச்சியாகிவிட்டது. முளை எப்படியிருக்கும் என்று கேட்டாளே என்று முளைவிட்ட கேப்பையை ஒரு முடிச்சாகக் கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளை வேரைப் பார்த்துவிட்டு, பூசணம் என்றாள். நான் ஒரு சிட்டிகை எடுத்து என் பெண் வாயில் போட்டேன், ருசித்துத் தின்றாள். தங்கம்மாக்கா மாவை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "உம் பொண்ணு மண்ணையே திம்பா. அவள சாட்சிக்கு இழுக்காத."

நீர்த்த கஞ்சி

அடுத்த வாரம் தங்கம்மாக்கா மீதி மாவோடு வாசலிலேயே நின்றாள். எப்போதும் போடுகிற ஒரு பிடிதான் போட்டாளாம், கஞ்சி கெட்டிப்படவே இல்லையாம். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். கலப்பட மாவு என்று பேர் வந்தால் அந்த வரிசையில் என் கூடை இறங்காது.

முளைகட்டின மாவு நீர்த்துத்தான் போகும், கூட ஒரு பிடி போட்டுக் காய்ச்சுங்க என்றேன். "தண்ணிய உங்கிட்ட வாங்கணுமா? கொழாயத் தொறந்தா வருது" என்றாள் தங்கம்மாக்கா.

சிவக்க வறுத்தது

அதற்கடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். அந்த மீதி மாவைச் சிவக்கச் சிவக்க வறுத்துக் காய்ச்சியிருந்தாள். வறுத்த சூட்டில், கஞ்சியை இளக்குகிற முளையின் குணம் போய், கஞ்சி களியாக நின்றது. பெருமையாக ஊட்டினாள், பிள்ளை ஒரே வாயில் துப்பிவிட்டான். அவள் கண் கலங்கிவிட்டது.

அவள் அடுப்பிலேயே புது மாவில் இரண்டு பிடி கரைத்து, சின்னத் தீயில் கிண்டினேன். குடிக்கிற பதத்திலேயே இருந்தது, வெல்லம்கூடக் கேட்கவில்லை. பிள்ளை குடித்துவிட்டுக் கிண்ணத்தை நக்கினான்.

தங்கம்மாக்கா கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். "ரெண்டு பிடி மாவு உள்ள போயிருக்குது, இந்தத் திருடனுக்கே தெரியல. நீ குந்து, நாலு வீட்லயும் நானே சொல்லிக்கினு வர்றேன்."

அன்று முதல் அந்த வரிசையில் மாவு கெட்டிப்படவில்லை என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றுதான் வருகிறார்கள்.