சுசிலா அக்காவின் நெளிந்த பொனட்

லண்டன் செவன் கிங்ஸில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் சுசிலா அக்காவுக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால், கோப்பையைக் கையில் பிடித்தபடி என் குசினிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டே குடிப்பார். தொலைபேசியில் கதைத்தாலும் நடைதான். கோயிலில் எல்லோரும் சுற்றி முடித்துவிட்டுக் குந்திய பிறகும் அவர் சுற்றிக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். முழங்கால் தேய்ந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம் என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

அந்த முழங்காலுக்குத் தை மாதம் ஒப்பரேசன் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். புது மூட்டு வைத்தால் வலியில்லாமல் நடக்கலாம், ஆனால் குதிப்பது, சறுக்குவது, விழுவது ஒன்றும் கூடாது என்றார்களாம். வேறு யாராவது என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். இந்த மனுசி வீட்டுக்கு வந்ததிலிருந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"மயூரா, ஒப்பரேசனுக்கு முதல் ஸ்னோ விழுமோ?"

"விழக்கூடாதெண்டு கும்பிடுங்கோ அக்கா. எனக்கு வேலைக்குப் போகவேணும்."

எனக்கும் பனிக்கும் ஆகாது. வந்த புதிதில் பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் நான்.

"எனக்கு ஒருக்காச் சறுக்கவேணும். ஒருக்கா மட்டும். பிறகு காலை என்னவும் செய்யட்டும்."

இந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. அக்கா கலியாணம் முடித்து வந்திறங்கியது லண்டனில் அல்ல, நோர்வேயின் வடக்குக் கரையில், ஒரு மீன் தொழிற்சாலையைச் சுற்றியிருந்த சின்ன ஊரில். கணவர் கிருஷ்ணராசா அண்ணை அந்தத் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். அவர் ஷிப்ட்டுக்குப் போனால் அக்கா தனியே. குளிர்காலத்தில் பகலும் இருட்டு. பாஷை தெரியாது. அழுது அலுத்துப்போய் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கத் தொடங்கினாராம். அந்த நடைதான் இன்னும் நிற்கவில்லை என்பது என் கணிப்பு.

ஒரு நாள் பக்கத்து வீட்டு நோர்வேக்காரிகள் இருவர் வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். வீட்டின் பின்னால் அண்ணையின் காரிலிருந்து கழற்றி எறிந்த பழைய பொனட், என்ஜினை மூடுகிற தகரம், ஒன்று கிடந்தது. அதையும் தூக்கிப்போய்க் கவிழ்த்து, முன்பக்கத்தைக் கல்லில் வைத்து மூன்று பேருமாக ஏறி மிதித்து மேலே வளைத்தார்கள். கயிறு கட்டி, அக்காவை நடுவில் இருத்தி ஒரு தள்ளு.

"கத்தின கத்து கடலுக்குக் கேட்டிருக்கும்," என்று அக்கா சொல்வார். "கீழ வந்து பாத்தால் சிரிச்சுக்கொண்டிருக்கிறன். கலியாணம் கட்டி அங்கை போனாப் பிறகு அண்டைக்குத்தான் நான் சிரிச்சது."

பிறகு பலரையும் போல் அவர்களும் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் வந்தார்கள். வர விருப்பமா என்று அக்காவை யாரும் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்காமல் அந்தப் பொனட்டைக் கார்க் கூரையில் கட்டிக்கொண்டு வந்தார். கிருஷ்ணராசா அண்ணை அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

லண்டனுக்கு வரும் பனி, வாசலில் நின்றே சுகம் விசாரித்துவிட்டுப் போகிற உறவினர் மாதிரி. அது வந்த நாளில் எல்லாம் பிள்ளைக்குச் சோதனை, இல்லாவிட்டால் காய்ச்சல், இல்லாவிட்டால் அக்காவுக்கே வேலை. பொனட் தோட்டத்துக் கொட்டிலின் பின்னால் சாய்ந்தபடி கிடந்தது. இந்தக் கோடையில் அண்ணை, "மழையிலை துருப்பிடிக்குது, நான் கொண்டுபோய் வைக்கிறன்," என்று ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள தன் கராஜுக்கு ஏற்றிப்போனார். டிங்கரிங்கும் பெயின்டிங்கும்தான் அவருடைய தொழில். நெளிந்த தகரத்தைக் கண்டால் மனுசனுக்குச் சோறு இறங்காது. கலியாண வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நிற்கும் கார்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

மார்கழி பிறக்க முதல் அந்தப் பனி விழுந்தது. நான் பல்விளக்க முதல் அக்கா கதவைத் தட்டினார். காலுறைக்கு மேல் காலுறை, தலையில் மகள் தனுஷியாவின் கம்பளித் தொப்பி.

"வெளிக்கிடும். கராஜுக்குப் போய்ப் பொனட்டை எடுத்துக்கொண்டு ஹைனோல்ட் மேட்டுக்குப் போவம். மத்தியானம் கரைஞ்சுபோயிடும் எண்டு போனிலை போட்டிருக்கு."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் முழங்காலைச் சொல்லி மறிச்சுப்போடுவார்."

ஃபாரஸ்ட் கேட் போய்ச் சேரும்வரை நான் பனியையும் திட்டினேன், அக்காவையும் திட்டினேன். அவர் சீட்டின் நுனியில் இருந்துகொண்டு, கூரைகளில் இருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். சொட்டத் தொடங்கியிருந்தது.

கராஜில் அண்ணையின் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பனி நாளில் யார் யாரோ யார் யாரையோ இடித்திருப்பார்கள். அண்ணை அதை எடுக்காமல் அக்காவைப் பார்த்தார்.

"பொனட்டை எடுக்க வந்தனான்," என்றார் அக்கா.

அண்ணையின் முகம் மாப்பிள்ளை முகம் போல மலர்ந்தது. "இஞ்சரும், உமக்கு ஆர் சொன்னது? ஒப்பரேசனுக்கு முதல் நாள் காட்டுவமெண்டு இருந்தன். பொறும்." ஓடிப்போய் மூலையில் போர்த்தியிருந்த போர்வையை இழுத்தார்.

பொனட் புதிதாக நின்றது. கடல்நீலப் பெயின்ட். குனிந்தால் முகம் தெரியும் பளபளப்பு. முன்பக்கத்தில் நெளிவு என்ற பேச்சே இல்லை.

அக்கா கிட்டப் போய், வளைவு இருந்த இடத்தைத் தடவினார். ஓடித்திரிகிற அந்த மனுசி அசையாமல் நின்றதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"ஏன் நிமித்தினனீங்கள்?"

"நெளிஞ்சு கிடந்ததெல்லே."

"இதாலை இனிச் சறுக்க ஏலாது. மூக்கு ஸ்னோவுக்கை குத்தும்."

"சறுக்கிறதோ? ஆர்?"

"நான்தான். நோர்வேயிலை இதிலைதான் சறுக்கினனான். அந்த நெளிவு, கல்லிலை வைச்சு நாங்கள் மிதிச்சு நெளிச்சது."

அண்ணை பக்கத்தில் கிடந்த டயரில் குந்திவிட்டார்.

"அங்கை நான் காராலை மானை அடிச்ச நெளிவெண்டெல்லோ நினைச்சன்," என்றார் மெல்ல. "நீர் வந்த புதுசு, முன் சீட்டிலை நடுங்கிக்கொண்டு இருந்தீர். மெல்லப் போங்கோ எண்டு சொல்லச் சொல்ல நான் கேக்கேல்லை. பிறகு நீர் இந்தப் பொனட்டை லண்டன் வரைக்கும் கட்டிக்கொண்டு வந்தீர். நான் மறக்கக்கூடாதெண்டு வைச்சிருக்கிறீர் எண்டு நினைச்சன். கொட்டிலடிக்குப் போற நேரமெல்லாம் அதைப் பாக்கிறனான்."

"அந்த மானை நான் எப்பவோ மறந்திட்டன்," என்றார் அக்கா.

இத்தனை வருசம் ஒரே வீட்டில் ஒரே தகரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் சிரித்திருக்கிறார், ஒருவர் வெந்திருக்கிறார். இரண்டு பேரையும் பிடித்துக் குலுக்கவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"அக்கா, கூரை சொட்டுது," என்றேன்.

அண்ணை எழும்பினார். சுத்தியலை எடுத்தார், வைத்தார். பிறகு பொனட்டின் முன்பக்கத்தை வாசற்படியில் கொடுத்து, இரண்டு காலாலும் ஏறி மிதித்தார். நீலப் பெயின்ட் செதில் செதிலாகத் தெறித்தது.

"காணுமோ?"

"இன்னும் கொஞ்சம்," என்றார் அக்கா.

பொனட்டில் கயிறு கட்டி ஏற்றி, கராஜை அப்படியே பூட்டிவிட்டு அவருடைய வான் வண்டியில் போனோம். ஹைனோல்ட் மேட்டில் பாதி பச்சை தெரியத் தொடங்கியிருந்தது. சறுக்கும் பிளாஸ்டிக் தட்டுகளோடு வந்திருந்த பிள்ளைகள் எங்களுக்கு வழிவிட்டார்கள். அக்கா ஏறி இருந்து, பின்னால் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"நீங்களும் ஏறுங்கோ."

"எனக்குப் பயமப்பா."

"எனக்கும்தான். ஏறுங்கோ."

நான் தள்ளினேன். வழுக்கி முழங்காலில் விழுந்தேன், அது வேறு கதை. மேலிருந்து பார்த்தபோது பொனட் சேற்றிலும் பனியிலும் மாறி மாறிப் பாய்ந்தது. கத்தியது அக்கா அல்ல, அண்ணை. கீழே போய் நின்ற பிறகும் கத்திக்கொண்டிருந்தார். அக்கா சிரித்த சிரிப்பு மேடு முழுக்கக் கேட்டது.

நான் கீழே இறங்கிப் போனேன். அக்கா எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

"நோகுதோ?" என்றார் அண்ணை.

"ஓம். காணும், வாங்கோ போவம்."

அண்ணை மேட்டைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு கோடு மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார்.

"ஏறி இரும்."

"உங்களாலை ஏலுமோ?"

"இரும் எண்டுறன்."

அக்கா இருந்தார். அண்ணை இழுத்தார். நான் பின்னால் தள்ளினேன். அவருடைய பொக்கற்றுக்குள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பாமலே கேட்டார்.

"அப்ப ஏன் என்னை ஒருக்காலும் கூப்பிடேல்லை?"

"நீங்கள் எப்பவும் ஷிப்ட்டிலையெல்லே."

அண்ணை கயிற்றை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"நிக்காதேங்கோ," என்றார் அக்கா. "இழுங்கோ. கரையப்போகுது."