நோயாளியாக நடித்தவர்

பணியில் இருக்கும் செவிலியர் ஒவ்வொருவரும் தம் பதிவைப் புதுப்பிக்கும் முன் குறிப்பிட்ட மணி நேரம் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும். அந்த வகுப்பு அவர்கள் வேலை பார்க்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் நடத்தப்பட வேண்டும். வகுப்புக்குப் போகும் நாள் பணி நாளாகவே கொள்ளப்படும். விதி இவ்வளவுதான். படித்துப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட விதிகளோடு வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். விதியின் தமிழ் எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது நான் கண்டது.

காரைக்கால்காரர்களுக்கு 'இயன்றவரை அருகில்' என்றால் என்ன பொருள் தெரியுமா? விடியற்காலையில் பஸ் ஏறி, தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மறுபடி நம்முடைய ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்து தலைமையிடத்தில் இறங்குவது. வகுப்பு முடிந்து ஊர் திரும்ப இரவாகிவிடும். அதுவரை கிராமத்தில் யாருக்கு என்ன ஆனாலும் துணைச் சுகாதார மையத்தின் பூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதக் கடைசியில், சுரக்குடிப் பக்கத்துக் கிராமங்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"சார், எனக்கு இன்னும் வகுப்பு மணி பாக்கி இருக்கு. டிசம்பர் முடிஞ்சா பதிவு போயிடும். நான் ஒப்பந்தத்துல இருக்கறவ. பதிவு இல்லன்னா மறுநாளே வேற ஆளப் போட்டுடுவாங்க."

"தலைமையிடத்து வகுப்புக்குப் போக வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவ லீவு கேட்டேன் சார். 'நீ போயிட்டா இங்க யார் பாக்கறது'ன்னு கேட்டாங்க. யாரையும் போடலன்னா நான்தானே பாக்கணும், அதுவும் நெசந்தானே?"

அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த பெண் மருத்துவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சும்மாவே வகுப்பெடுக்கத் தயாராக இருந்தார். சர்க்கரை நோயாளிகளைக் கிராமத்தில் எப்படிப் பார்ப்பது என்பது பாடம். வகுப்பை நடத்துவது சுலபம், அதைக் கணக்கில் சேர்ப்பதுதான் கடினம். அதற்குத்தான் என்னிடம் வந்திருந்தார்கள். எந்த மேசைக்கு எந்தக் காகிதம், யாருக்கு நகல், எந்தச் சொல்லைப் போட்டால் கோப்பு நகரும், எதைப் போட்டால் படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றபின் இந்த வித்தையை யாரும் கேட்காமல் இருந்தது எனக்கே ஒரு குறையாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் திருநள்ளாறில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் எங்களுக்குக் கிடைத்தது. சாப்பாட்டு மேசைகளில் வாழையிலைக்குப் பதில் நோட்டுப் புத்தகங்கள். முன் அனுமதி கோரும் விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். பாடத்திட்டம், பயிற்றுநர் தகுதி, வருகைப் பதிவு, எல்லாம் ஒழுங்காக. செய்முறைப் பயிற்சி என்ற பத்தியில், துல்லியத்தின் மேல் எனக்கு இருந்த பிரியத்தில், 'நோயாளியாக நடிக்க ஒரு தன்னார்வலர் முன்வந்துள்ளார்' என்று எழுதினேன். அந்தத் தன்னார்வலரும் நான்தான். வீட்டில் செய்ய வேலை இல்லை, நடிக்க வருமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

என்னை நோயாளியாகப் போட்டது அவர்களுக்கு நல்ல பயிற்சிதான். ஒரு வாரம் மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன் என்று சாதிக்கும் கிழவராக நடித்தேன். அடுத்த வாரம், சோற்றைக் குறைக்கச் சொன்னால் சண்டைக்கு வரும் மிராசுதார். "சோத்தக் குறைக்கணும்னு எந்த ஆணையில இருக்கு? தேதி என்ன?" என்று சுரக்குடிச் செவிலியரைக் கேட்டேன். "நடிக்கவே வேணாம் சார், சும்மா உக்காந்தாலே போதும்" என்றார் அவர். கூடம் சிரித்தது.

நிஜத்திலும் எனக்குச் சர்க்கரை உண்டு. பல வருடமாக உண்டு. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, எல்லாம் நேரப்படி. அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் போனால் அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "இப்படி வச்சிருக்கறவரை நான் பார்த்ததே இல்லை" என்பார். அதைக் கேட்கவே போவேன் என்றுகூடச் சொல்லலாம். அதனால் அந்த வகுப்பில் நான் கற்றுக்கொள்ள ஏதும் இருப்பதாக நினைக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் என் கோயில் கதையைச் சொல்வேன். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் சனிக்கிழமை கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, அது வெளியூர்க்காரர்களின் நாள். நான் வேலை நாளில், அதுவும் உச்சி வெயிலில் போவேன். நடை சாத்துவதற்குச் சற்று முன்னால் கூட்டமே இருக்காது. காரணம், தரை. சித்திரை, வைகாசியில் பிரகாரத்துக் கல் தோசைக்கல் மாதிரி காயும். நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்திருப்பார்கள், அப்படியும் ஜனங்கள் ஒரு காலை வைத்து ஒரு காலை எடுத்துத் தத்தித் தத்தி ஓடுவார்கள். நான் மட்டும் விரிப்பை விட்டு வெறும் கல்லில் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிதானமாகச் சுற்றி வருவேன். வாசலில் பூ விற்கும் அம்மா ஒருநாள், "ஐயாவுக்கு அந்த சனீஸ்வரனே செருப்பு போட்டு விட்டிருக்காருங்க" என்றார். இந்த வசனத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. என் மனைவி மட்டும் மயங்கவில்லை. "வீட்டுல காப்பி கொஞ்சம் சூடா இருந்தா நாக்கு பொத்துப் போச்சுன்னு கத்துறீங்க. அங்க மட்டும் சூடு தெரியலயாக்கும்" என்பாள். பக்தி வேறு, காப்பி வேறு என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆடியின் கடைசி ஞாயிறு, பாதப் பரிசோதனை. பேனா போன்ற பிடியின் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதை உள்ளங்காலில் அங்கங்கே வளையும்வரை அழுத்த வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, படும்போதெல்லாம் 'ஆமா' என்று சொல்ல வேண்டும். எங்கெங்கே சொல்லவில்லையோ அங்கே உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் இருந்த முஸ்லிம் செவிலியர் ஒருவர், "எங்க தெருவுல தொழுகைக்கு அஞ்சு வேளையும் கால் கழுவுறாங்க டாக்டர். ஆனா விரலிடுக்கத் தொடைக்க ஆளில்ல" என்றார். "வயல்ல எறங்குறவங்க கால கழுவுறதே ராத்திரிக்குத்தான்" என்றார் இன்னொருவர். கால் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றி, காலை எதிர் நாற்காலியில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தயாரானேன்.

முதல் முறை சுரக்குடிச் செவிலியருடையது. நான் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ லாட்ஜுக்கு வழி கேட்டார்கள். எனக்குப் பொறுமை போயிற்று.

"எப்பம்மா ஆரம்பிக்கப் போற?"

அவர் குரல், கொஞ்சம் கோபமாக:

"சார், பாதிக் கால் முடிஞ்சுது. வெளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்?"

"நடிப்பெல்லாம் போன வாரத்தோட சரி சார். இது நெசப் பரிசோதன. பட்டா பட்டுதுன்னு சொல்லுங்க."

"பட்டாத்தானே சொல்றதுக்கு?"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் மறுபடி செய்தார். தன் கைதான் சரியாக அழுத்தவில்லையோ என்று சந்தேகம் வந்து, மருத்துவரைக் கூப்பிட்டார். மருத்துவர் வந்து முதலில் என் கையில் இழையை வைத்தார். உடனே "ஆமா" என்றேன். அப்புறம் காலுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டது மட்டும் தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். இழை என் பெருவிரலுக்குக் கீழே நன்றாக வளைந்து அழுந்தியிருந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. காலால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மருத்துவர் என் பாதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அங்கங்கே பழைய கொப்புளத் தழும்புகள். "சூட்டுல வெறுங்கால்ல நடக்கறது உண்டா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும், நானே சொன்னதுதான்.

"சாமி செருப்பு போட்டு விடல சார். நரம்பு செத்திருக்கு" என்றார் சுரக்குடிச் செவிலியர். மெதுவாகத்தான் சொன்னார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அவர்தான் அதையும் கண்டார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டு வந்தவர், நடுவிரலின் அடியில் ஒரு கறுத்த புள்ளியில் நின்றார். சுற்றிலும் வீங்கி, லேசாகச் சீழ் வைத்திருந்தது. மருத்துவர் சுத்தம் செய்து இடுக்கியால் இழுத்தபோது வெளியே வந்தது ஒரு ஸ்டேப்ளர் பின். துருப்பிடித்திருந்தது. வீட்டில் தரையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கோப்பு கட்டும் மனிதன் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. எத்தனை நாளாக அதன்மேல் நடந்துகொண்டிருந்தேனோ, தெரியாது.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சீழ் எலும்பைத் தொடவில்லை, ஆனால் தொட வெகுநாள் பிடித்திருக்காது, தொட்டிருந்தால் வெட்டுவது விரலோடு நின்றிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். என் கோப்பை இப்போதும் பாராட்டினார்கள். அதில் எல்லாம் இருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் என் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. நானும் காட்டியதில்லை.

புண் ஆற மாதங்கள் ஆயின. கட்டு மாற்ற அந்தச் செவிலியரே வந்துபோனார். அப்படி ஒருநாள் அவர் பஞ்சை நனைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் விண்ணப்பத்துக்குத் தாமதமாக வந்த தலைமை அலுவலகத்தின் பதில் கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். மற்ற மணிகள் ஏற்கப்படலாம்; செய்முறை மணிகளை ஏற்க இயலாது; செய்முறைப் பயிற்சி உண்மையான நோயாளியிடம் நடத்தப்பட வேண்டும் என்றிருக்க, விண்ணப்பத்தில் 'நோயாளியாக நடிக்க ஒரு தன்னார்வலர்' என்று குறிப்பிடப்பட்டுள்ளது.

அவருக்குப் போதாமல் இருந்ததே அந்தச் செய்முறை மணிகள்தான். கட்டை முடித்து, கத்தரிக்கோலைத் துடைத்து, பையில் வைத்தார்.

"விடுங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க."

நான் எழுதிய வாக்கியம்தான் அவர் வேலையைத் தின்றுகொண்டிருந்தது. அந்த அலுவலகத்தின்மேல் கோபப்படவும் முடியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் அதே வரியைத்தான் அடிக்கோடிட்டிருப்பேன்.

"ஏம்மா, நான் நடிச்சேன்னா நெனைக்கற?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் காலைப் பார்த்தார். பல வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு வந்தது.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எவ்வளவோ கடினமான கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இதற்கு ஆன நேரம் எதற்கும் ஆனதில்லை. மேற்படி தன்னார்வலர் தன்னை நோயாளியாக நடிப்பவராகக் கருதியிருந்தார். பயிற்சியின்போதே அவர் உண்மையான நோயாளி எனத் தெரியவந்தது. அவர் பாதங்களில் உணர்ச்சி இல்லை என்பதையும், அதை அவர் அறிந்திருக்கவில்லை என்பதையும் மேற்படி செவிலியரே கண்டறிந்தார். மருத்துவமனைச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. மேற்படி தன்னார்வலர், கீழே கையொப்பமிட்டுள்ளவர். 'அதை அவர் அறிந்திருக்கவில்லை' என்ற வரியை அடித்தேன், மறுபடி எழுதினேன். அது இல்லாமல் கடிதம் நிற்காது. என்னோடு வேலை பார்த்தவர்கள், எனக்குக் கீழே இருந்தவர்கள், அந்த அலுவலகத்தில் இன்னும் இருக்கிறார்கள். என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "கோயில் கதையையும் எழுதிடுங்களேன்" என்றாள். அதற்கு இணைக்கச் சான்று கிடையாது என்றேன்.

நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. மார்கழி பிறந்தது. செவிலியர் எதுவும் கேட்காமல் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக ஒருநாள், "இனிமே கட்டு வேணாம் சார்" என்றார். என் கால் தப்பித்துவிட்டது, அவர் வேலைக்குத்தான் வழி தெரியவில்லை என்று நினைத்தபடி அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் குளித்ததும் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன். கோயிலுக்குத் தரை குளிர்ந்திருக்கும் நேரத்தில், எல்லாரையும்போல விரிப்பின்மேல்தான் நடக்கிறேன். எனக்குத் தெரியாதது என் காலடியிலேயே இருந்தது; அதைச் சொல்ல இன்னொருவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துப் படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. எதைப் பற்றியாவது 'எனக்குத் தெரியும்' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து கொஞ்சம் நிறுத்துகிறது. செய்முறை மணிகள் ஏற்கப்பட்டன என்ற ஒற்றை வரிப் பதில் வந்ததும், அதை நான் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப, அந்தச் செவிலியர் தன் பதிவைப் புதுப்பித்ததும் ஒரே நாளில்: அந்த வருட டிசம்பர் முப்பத்தொன்று.