பம்பாயிலிருந்து பறந்து வந்த மாப்பிள்ளை

ஐம்பதுகளில், தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நேரத்தில்தான் பாறசாலைக்குப் பக்கத்து கிராமத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. கிடைத்த லீவு ரயிலில் வந்து போகவே சரியாகிவிடும் என்று விமானத்துக்குச் சீட்டு எடுத்திருந்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. பம்பாய் எத்தனை மைல், காலையில் ஏறினால் சாயங்காலம் திருவனந்தபுரத்தில் இறங்கிவிடலாமா, மேலே போனால் வயிறு குமட்டாதா என்று ஆளாளுக்கு என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் நாலு தரம் பறந்தவள் மாதிரி பதில் சொல்வேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போராட்டத்தால் அன்றைக்கு பஸ்களை நிறுத்திவிட்டார்கள். அவர் வீட்டாருக்கும் ஒரு தகவலும் இல்லை. மறுநாள் காலை எல்லோரும் வேதக்கோவிலில் கூடிவிட்டோம். போதகர் மதியம் வேறு சபைக்குப் போக வேண்டும். மணி பத்தைத் தாண்டியது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேறு குடும்பம் இருக்கும் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா தலை நிமிரவில்லை.

"வழியில மாட்டியிருப்பாரு மக்கா, பொறு" என்றாள் அக்கா.

"ஆகாசத்துல அவ்வளவு தூரம் வந்த ஆளுக்கு, இந்த இருபது மைலு வரதுக்குப் பாடாக்கும்? இனி அவரு வரண்டாம்" என்றேன், நாலு பேர் கேட்கும்படி.

அரை மணி நேரம் போயிருக்காது. வயல் வரப்பில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கோட்டு போட்டிருந்தார். புது பூட்ஸ் கையில் இருந்தது. கால் இரண்டும் கொப்புளம்.

பாலராமபுரம் வரை கார் கிடைத்ததாம். அதற்குமேல் டிரைவர் வர மறுத்துவிட்டார். தெருவில் தவித்து நின்றவரைத் தன் வீட்டில் தங்கவைத்து, விடிந்ததும் கூடவே நடந்து வந்தவர்தான் பின்னால் நின்ற நெசவுக்காரர். மலையாளி. வழியில் மறித்தவர்களிடம் நெய்யாற்றின்கரை வரை அவர் மலையாளத்தில் பேசி இவரைக் காப்பாற்றியிருக்கிறார். அமரவிளை பாலம் தாண்டியதும் இவர் தமிழில் பேசி அவரைக் காப்பாற்றியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்ததும் அந்த நெசவுக்காரரைச் சாப்பிட்டுப் போகச் சொன்னோம். அவர் கேட்கவில்லை. வீட்டில் தேடுவார்களாம். "ஆளெ ஏல்பிச்சு. இனி ஞான் போட்டே" என்றார். ஆளை ஒப்படைத்தாயிற்று, இனி நான் கிளம்பட்டுமா என்று, ஒரு பொருளை உரியவரிடம் சேர்த்துவிட்டவர் போல.

எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்வந்தவர் என் அப்பா. பந்தியில்கூட உட்காராமல், அந்த மனிதரை அமரவிளை வரை தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

நான் சொன்னதை என் கணவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் சிரித்தார். எனக்குத்தான் அவர் கால் கொப்புளம் ஆறும்வரை முகம் பார்த்துப் பேச முடியவில்லை. இன்றும் யாராவது சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், கோபம் வருவதற்கு முன், அவர்கள் எந்த வழியில் எப்படி நடந்து வருகிறார்களோ என்றுதான் மனம் முதலில் நினைக்கிறது.