அடிவண்டி அண்ணனின் நெஞ்செரிச்சல்

இப்போதெல்லாம் அண்ணன் சக்கரப் பலகையில் மல்லாந்து படுப்பதற்கு முன் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வயிற்றை ஒரு தட்டுத் தட்டுகிறார். “என்ன சார், கிளம்பலாமா?” கேள்வி வயிற்றுக்கு. எதிர்ப்பு ஏதும் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, காலால் ஓர் உந்து உந்தி வண்டிக்கு அடியில் மறைந்துவிடுகிறார்.

அவர் வேலை பார்க்கும் மெக்கானிக் பட்டறையில் வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிடையாது. ஜாக்கி கொடுத்து, முட்டுக்கட்டை வைத்து, கீழே படுத்துத்தான் எல்லா வேலையும். கியர்பாக்ஸ் இறக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. அதனால் பெயரே அடிவண்டி அண்ணன் என்று நிலைத்துவிட்டது. வயதில் மூத்த முதலாளியும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். பேச்செல்லாம் வண்டிப் பேச்சு. மைத்துனர் கோபித்துக்கொண்டு போனால், “இன்ஜின் சூடாயிருக்கு, ஆறட்டும், தானா வருவான்” என்பார்.

அப்படிப்பட்டவருக்குப் போன வருடம் நெஞ்செரிச்சல் வந்தது. நிற்கும்வரை ஒன்றுமில்லை. படுத்தால் போதும், நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டைவரை திகுதிகுவென்று ஏறும். வாயெல்லாம் புளிப்பு. போல்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு இருமிக்கொண்டே வெளியே வருவார்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, இரைப்பைக்கு மேலே உள்ள வால்வு சரியாக மூடவில்லை என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. “வால்வா? போதும் டாக்டர், புரிஞ்சிருச்சு.” ஒன்றும் புரியவில்லை. காலையில் சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்ன மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எரியும்போதெல்லாம் எடுத்து விழுங்கினார். மாத்திரை கையில் இருக்கிற தைரியத்தில் முன்பைவிட ஒரு பிடி அதிகமாகவே வெளுத்துக் கட்டினார்.

வீட்டுக்காரம்மா வேறு வழியில் போனார். காரம், எண்ணெய், புளிப்பு, டீ எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். தட்டைப் பார்த்த அண்ணன், “இது சாப்பாடா, பேட்டரிக்கு ஊத்துற தண்ணியா?” என்றார். மாத்திரைக் கட்சிக்கும் தட்டுக் கட்சிக்கும் வீட்டில் தினமும் தேர்தல்தான். எரிச்சல் மட்டும் பதவியை விட்டு இறங்கவில்லை.

ஒரு நாள் முதலாளி பில் மேசைக்குப் பக்கத்தில் புது மெத்தை நாற்காலி ஒன்றைப் போட்டார். “இனிமே கீழ படுக்க வேணாம்ணே. உக்காந்து பில் போடுங்க.” நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணனுக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல் இருந்தது. படுத்துச் செய்யும் வேலை போனால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று உண்மையாகவே கலங்கிப்போனார்.

அன்று இரவு வீட்டுக்காரம்மாதான் பேச்சை ஆரம்பித்தார். “வண்டியில என்னமோ சத்தம் வருது, எல்லாத்தையும் மாத்திருங்கன்னு ஒருத்தர் வந்து சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“ஒவ்வொண்ணா மாத்தி ஓட்டிப் பாப்பேன். அப்பதானே எதுல கோளாறுன்னு தெரியும்?” சொல்லி முடித்ததும் வசமாக மாட்டிக்கொண்டது தெரிந்தது.

“நானும் எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்துனது தப்புதான்” என்றார் அந்த அம்மா.

மறுபடியும் இருவரும் டாக்டரம்மாவிடம் போய், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் யோசனையைச் சொன்னார்கள். “அதையே செய்ங்க” என்றார் அவர். “ஆனா மாத்திரையை நான் சொன்ன நேரத்துல போடுங்க. அது அமிலத்தைக் குறைக்கும். வயித்தைப் போட்டு அமுக்குறதை நீங்கதான் நிறுத்தணும்.”

சோதனை ஓட்டம் தொடங்கியது. பச்சை மிளகாய் குற்றமற்றது என்று முதலில் தெரிந்தது. அண்ணன் அதைப் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீயைக் குறைத்ததும் பாதி எரிச்சல் அடங்கியது. கருவிப்பை தொங்கும் பெல்ட்டைத் தளர்த்தியதில் இன்னும் கொஞ்சம். பெரிய திருடன், வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பதுதான். ஆகவே மதியம் அளவாகச் சாப்பிட்டுவிட்டு நின்று செய்யும் வேலை, அது செரித்தபிறகே படுத்துச் செய்யும் வேலை என்று மாற்றினார். கட்டிலின் தலைமாட்டுக்குப் பட்டறை முட்டுக்கட்டைகளைக் கொடுத்து உயர்த்தினார். முதல் நாள் காலையில் தம்பதி இருவரும் கால்மாட்டில் குவிந்து கிடந்தார்கள். மாத்திரையை டாக்டரம்மாவே படிப்படியாகக் குறைத்து, கடைசியில் போதும் என்றார்.

இதற்கிடையில் முதலாளி அவருக்குச் சின்ன வேலைகளைத்தான் கொடுத்துவந்தார்; மிச்ச நேரம் பில் மேசைதான். மாத்திரை நின்ற வாரமே ஒரு பெரிய வேன் வந்தது. கியர்பாக்ஸ் இறுகிப்போய், மற்ற மெக்கானிக்குகள் கைவிட்டுவிட்டார்கள். முதலாளி தயங்கித் தயங்கிப் பில் மேசைப் பக்கம் பார்த்தார். அண்ணன் எழுந்து பெல்ட்டைத் தளர்த்தினார், வயிற்றைத் தட்டினார், உள்ளே போனார். வெகுநேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி ஒரு சொம்புத் தண்ணீரோடு காத்து நின்றார். இருமலுக்குப் பதில் சீட்டிச் சத்தம் வந்தது. “பிடிங்க, இறங்குது” என்றார் அண்ணன்.

கிரீஸ் பூசிய முகத்தோடு வெளியே வந்தவருக்கு முதலாளி அந்த நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். “கொஞ்சம் உக்காருங்கண்ணே.”

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். தரையில் கிடந்த கனத்த ஸ்பேனர் பெட்டியை இரு கையாலும் தூக்கி அந்த மெத்தைமேல் வைத்துவிட்டு, பலகையைக் காலால் அடுத்த வண்டிப் பக்கம் தள்ளினார்.